இருபத்தொரு பூசணிக்காய் நீங்கலாக

2022ஆம் வருடம் ஜூலை 13, புதன்கிழமை, காலை பத்து மணி ஐந்து நிமிடம். விடியற்காலையில் மூட்டமாக இருந்த வானம் ஒன்பதரைக்கெல்லாம் வெளுத்துவிட்டது. நான் வேங்கிக்கால் ஓட்டல் வாசலில் இறங்கியபோது வெயில் முதுகில் அறைந்துகொண்டிருந்தது. காற்று இல்லை. அன்று பௌர்ணமி.

பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சம் பேர் மலை சுற்ற வரும் நம் ஊரில், விடுதித் தொழிலில் இருக்கிற எவரும் பௌர்ணமியன்று நேர்காணல் வைக்க மாட்டார்கள். பல்வலிக்கு டாக்டரிடம்கூடப் போக மாட்டார்கள். புதிதாகக் கட்டிய அறுபத்திரண்டு அறை ஓட்டலுக்குப் பொது மேலாளர் தேவை, பௌர்ணமியன்றே வந்து பாருங்கள் என்று சொல்லியிருந்தார்கள். அப்படியென்றால் உள்ளே தொழில் தெரிந்தவர் ஒருவரும் இல்லை என்று அர்த்தம். அவர்களுக்கு ஆள் அவசரமாகத் தேவைப்பட்டது. எனக்கு அதைவிட அவசரம். விளம்பரத்தில் அறுபது வயதுக்குள் என்று போட்டிருந்தார்கள். எனக்கு அறுபது முடிய நாற்பத்து மூன்று நாள் பாக்கி இருந்தது.

ரிசப்ஷனில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். அறை ஒதுக்குவது, பில் போடுவது, இணையத்தில் வரும் திட்டுக்குப் பதில் எழுதுவது எல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. நீங்கள் எல்லோரும் ஒருநாள் பெரிய வேலைக்குப் போவீர்கள். அப்போது, இத்தனை நாள் நீ என்ன செய்தாய், அதற்கு என்ன ஆதாரம் என்று கேட்பார்கள். எனக்கு அந்தக் கேள்வி வந்த நாளைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

அதற்கு முன் இருபத்திரண்டு வருடம், 1998 ஏப்ரல் முதல் 2020 மார்ச் வரை, கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் நாற்பத்தாறு அறை விடுதி ஒன்றை நடத்தினேன். நடத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும். முதலாளி காலையில் ஒருமுறை வந்து சாமி படத்துக்குக் கற்பூரம் காட்டிவிட்டுப் போவார். மற்றதெல்லாம் நான். அங்கே வேலை செய்தவர்கள் முப்பத்தொரு பேர். ஆனால் பதிவேட்டில் பத்தொன்பது பேர்தான். இருபதாவது ஆளை ஏற்றினால் பி.எஃப். கட்ட வேண்டும் என்பதால் முதலாளி பத்தொன்பதோடு நிறுத்திக்கொண்டார். நான் இருபதாவது ஆள். மாதம் பிறந்தால் ஒரு பழுப்புக் கவரில் சம்பளம் வரும். கவரில் என் பெயர்கூட இருக்காது. கேட்டால், “உன்னை எனக்குத் தெரியாதா, பேர் எதுக்குய்யா?” என்பார்.

சட்டப்படி மேலாளர் என்று ஒருவரைக் காட்ட வேண்டுமே, அதற்கு முதலாளியின் மனைவியுடைய தம்பி இருந்தார். முதலாளி அவரை மச்சான் என்று கூப்பிட்டதால் நாங்கள் எல்லோரும் மச்சான் சார் என்போம். நல்ல மனிதர். ஒரு நாளும் வேலையில் குறுக்கிட்டதில்லை, ஏனென்றால் ஒரு நாளும் வேலைக்கு வந்ததில்லை. தினமும் அடி அண்ணாமலையில் சிநேகிதர் ஒருவருடைய உர மூட்டைக் கிடங்கில் சீட்டாடிவிட்டுப் பொழுது சாய்ந்து வீட்டுக்குப் போவார். பதிவேட்டில் மேலாளர் அவர்தான். அவருடைய நியமனக் கடிதம், ஊதிய உயர்வுக் கடிதங்கள், பாராட்டுக் கடிதங்கள் மொத்தம் முப்பத்து நான்கு. முப்பத்து நான்கையும் முதலாளி சொல்லச் சொல்ல டைப் அடித்தவன் நான். ‘பௌர்ணமிக் கூட்டத்தைச் சமாளிப்பதில் நிகரற்றவர்’ என்ற வரி என்னுடையது. எழுதும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. யாரைப் பற்றி எழுதுகிறேன் என்று எனக்குத் தெரியும் அல்லவா.

கொரோனாவில் விடுதியை மூடினார்கள். அந்த வருடமே முதலாளி காலமானார். கட்டடத்தை விற்றுவிட்டார்கள். அப்போதுதான் வீட்டில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். நான் அங்கே வேலை செய்தேன் என்பதற்கு உலகத்தில் ஒரு துண்டுக் காகிதமும் இல்லை.

இப்போது வேங்கிக்காலுக்கு வருகிறேன். நேர்காணல் அறை வாசலில் நான்கு நாற்காலி. மூன்று காலி. நான்காவதில் மடியில் கோப்போடு மச்சான் சார் உட்கார்ந்திருந்தார். புதுச் சட்டை, புதுத் தோல் செருப்பு. செருப்பை மரியாதையாக வெளி வராந்தாவில் கழற்றி வைத்திருந்தார்.

என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை என் சொந்தக்காரர்கள் முகத்தில்கூட நான் பார்த்ததில்லை.

“இன்னா மேனேஜரே, நீயும் வந்துட்டியா? சாமி அனுப்புன மாதிரி வந்த. உள்ள இன்னா கேப்பாங்க, சொல்லு.”

“மச்சான் சார், நீங்க எதுக்கு வந்தீங்க?”

“வீட்ல பேப்பரப் பாத்துட்டா. ரெண்டு வருஷமா சும்மா கீறியே, எழுதிப் போடுன்னா. இந்த வயசுல யாரு கூப்புடுவான்னு எழுதிப் போட்டேன். கூப்ட்டுட்டாங்க. ஃபைலு வெயிட்டா கீது இல்ல, அதான்.”

“உங்க வயசு?”

“அம்பத்தொம்பது. சர்டிபிகேட்ல.”

இந்த இடத்தில் நான் செய்தது முதல் தவறு. போட்டிக்கு வந்தவர் கேட்கிறார். நான் பதில் சொன்னேன். இருபத்திரண்டு வருடப் பழக்கம். தொழிலாளர் துறையிலிருந்து யாராவது வந்தால் மச்சானை ஆட்டோவில் வரவழைத்து, பதில்களைச் சொல்லிக்கொடுத்து, நாற்காலியில் உட்கார வைப்பேன். இப்போதும் வாய் தானாகத் திறந்துகொண்டது. மூன்று கேள்விக்குப் பதில் சொல்லிக் கொடுத்தேன். அவர் விரல் விட்டு மனப்பாடம் செய்தார். பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து போனார்.

அறைக்கும் வராந்தாவுக்கும் நடுவே அலுமினியத் தடுப்பு. மேலே ஒரு முழம் திறப்பு. நேர்காணல் செய்தவர் இந்த ஓட்டல் முதலாளியின் மகள் நித்யா. முப்பது வயது இருக்கும், சென்னையில் ஓட்டல் படிப்புப் படித்தவர். குரல் தெளிவாகக் கேட்டது. முதல் மூன்று கேள்வியும் நான் சொன்னவைதான். மச்சான் மழை மாதிரி பொழிந்தார். நான்காவதாக அந்தப் பெண் கேட்டார்:

“ரூம் புக் பண்ணவங்க குடும்பத்தோட வந்து நிக்கறாங்க. ரூம் இல்ல. என்ன செய்வீங்க சார்?”

“மேனேஜரைக் கூப்புடுவேங்க” என்றார் மச்சான்.

“நீங்கதானே சார் மேனேஜர்?”

“ஆமாங்க. ஆனா நானு வந்து, மேலோட்டமா பாத்துக்கறதுங்க.”

பத்து நிமிடத்தில் வேர்த்து விறுவிறுத்து வெளியே வந்தார். “அஞ்சாவது கேள்வில பயந்துட்டேன் மேனேஜரே. ராத்திரி எத்தனை மணி வரைக்கும் இருப்பீங்கன்னு கேக்குது அந்தப் பொண்ணு.”

அடுத்து நான். நித்யாவின் மேசைமேல் இருபத்திரண்டு வருட டைரிகளை அடுக்கினேன். இருநூற்று எழுபத்திரண்டு பௌர்ணமி, இருபத்திரண்டு கார்த்திகைத் தீபம், ஒவ்வொரு நாளும் எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை வாளி தண்ணீர் செலவானது, எத்தனை தலையணை உறை திரும்பவில்லை எல்லாம் அதில் இருக்கிறது. அவர் பொறுமையாக நான்கு பக்கம் புரட்டினார்.

“இது யார் கையெழுத்து சார்?”

“என்னுதுங்க.”

“உங்களைப் பத்தி நீங்களே எழுதினதை நான் எப்படி ஆதாரமா எடுத்துக்கறது?”

நியாயமான கேள்வி. நான் அவர் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

“இன்னொண்ணு. உங்களுக்கு முன்னாடி வந்தவர் அதே லாட்ஜ், அதே இருபத்திரண்டு வருஷம், அவர்தான் மேனேஜர்னு ஃபைல் காட்டறார். ஒரு லாட்ஜுக்கு ரெண்டு மேனேஜரா?”

அந்த ஃபைலை எழுதியதே நான்தான் என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை. சொன்னால், வேலை கிடைக்காத வயிற்றெரிச்சலில் கிழவன் எதையோ உளறுகிறான் என்றுதான் தோன்றும். உண்மை என்பதற்காக மட்டும் ஒன்றைச் சொல்லிவிடக் கூடாது. கேட்கிறவருக்கு நம்ப வழி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இதை நீங்கள் கோபமான விருந்தினரிடம் பேசும்போதும் நினைவில் வையுங்கள்.

“பேப்பர் ஏதாவது இருந்தா கொண்டு வாங்க சார்” என்று அவர் டைரிகளை என் பக்கம் தள்ளினார். தள்ளியபோதே வெளியே சத்தம் கேட்டது.

நடந்தது இதுதான். முதல் நாள் மாலை ராணிப்பேட்டைப் பக்கத்திலிருந்து மூன்று பஸ்ஸில் நூற்றைம்பத்தாறு பேர் வந்து, ஓட்டலின் கீழ்த்தளக் கூடத்தில் தங்கியிருந்தார்கள். விடியற்காலை நான்கு மணிக்குச் செருப்பைக் கூடத்து வாசலில் விட்டுவிட்டு வெறுங்காலோடு மலை சுற்றப் போனார்கள். மாலை ஐந்து மணிக்குக் கடன் கொடுத்த வங்கியிலிருந்து அதிகாரி வருகிறார், வாசல் சுத்தமாக இருக்க வேண்டும் என்று நித்யா காவலாளியிடம் சொல்லியிருந்தார். காவலாளி ராணுவத்தில் இருந்தவர். சுத்தம் என்றால் சுத்தம். எல்லாச் செருப்பையும் ஏழு அரிசிச் சாக்கில் கட்டி மோட்டார் ரூமில் போட்டுவிட்டார். வராந்தாவில் இருந்த மச்சானின் புதுத் தோல் செருப்பும் அதில் அடக்கம். நான் பையில் போட்டு நாற்காலிக்கு அடியில் வைத்திருந்ததால் என் செருப்பு தப்பியது.

இப்போது மணி பதினொன்று பத்து. பதினான்கு கிலோமீட்டர் நடந்தவர்கள் திரும்பிவிட்டார்கள். பாதம் கொப்புளம், தரை நெருப்பு, செருப்பைக் காணோம். டிரைவர்கள் வேறு அடுத்த சவாரிக்கு நேரமாகிறது என்று ஹாரன் அடித்தார்கள். காவலாளி ஒரு சாக்கைத் தூக்கிவந்து முற்றத்தில் அவிழ்க்கப் போனார்.

“யோவ், எம் பொண்ணு வாங்கிக் குடுத்த செருப்புயா அது. கல்யாணத்துக்குக்கூட போடாம வெச்சிருந்தது. சாக்குல போட்டு அமுக்கிட்டியே, நீ மனுசனா?” என்று ஒரு அம்மாள் அவர் சட்டையைப் பிடித்தார்.

“மேடம் சொன்னாங்கம்மா.”

“எந்த மேடம்? வரச் சொல்லு.”

நித்யா படியில் நின்றார். முகம் வெளுத்துவிட்டது. மைக் எடுத்துப் பேசட்டுமா என்று என்னைக் கேட்டார். ஏன் என்னைக் கேட்டார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

“சாக்கை அவுக்க வேணாம்னு மொதல்ல சொல்லுங்கம்மா” என்றேன். “அவுத்தா நூத்தம்பது பேரும் குனிவாங்க. முதல் ஆளு தப்பான ஜோடியை மாட்டிக்கினா, அத்தனை பேருதும் தப்பாப் போயிடும்.”

பிறகு தோட்டத்துக் குழாயின் நீள ரப்பர் பைப்பைக் கேட்டேன். சமையல்கட்டில் இருந்த அண்டா, பேசின், வாளி எல்லாவற்றையும் எடுத்துவரச் சொன்னேன். இருபத்தாறு பாத்திரம் வந்தது. மேற்குச் சுவரோரம் கொட்டகை நிழலில் வரிசையாக வைத்துத் தண்ணீர் நிரப்பினோம். கூட்டத்தைப் பார்த்து ஒன்றே ஒன்று சொன்னேன்: “செருப்பு எல்லாம் பத்திரமா கீது. கால் சுடுது, மொதல்ல காலை நனைங்க.”

இது நான் கண்டுபிடித்தது இல்லை. இருபத்திரண்டு வருடத்தில் கூட்டம் எனக்குக் கற்றுக்கொடுத்தது. மலை சுற்றி வந்தவர் காலைத் தண்ணீரில் வைத்துவிட்டால் பத்து நிமிடத்துக்கு எழுந்திருக்க மாட்டார். அந்தப் பத்து நிமிடம்தான் நமக்கு வேண்டும். சட்டையைப் பிடித்த அம்மாள்தான் முதலில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும், “அம்மாடி” என்று கண்ணை மூடினார்.

அதற்குள் நானும் காவலாளியும் அறை சுத்தம் செய்யும் நான்கு பெண்களும் சாக்குகளைக் கிழக்குப் பக்கம் கொண்டுபோய்ப் பிரித்து, ஆண், பெண், குழந்தை என்று மூன்று பத்தியாக ஜோடி சேர்த்து அடுக்கினோம். பிறகு ஒவ்வொரு பஸ்காரராக, அதிலும் வயதானவர்கள் முதலில், ஐந்து ஐந்து பேராகச் செருப்பை எடுக்க விட்டோம். முப்பத்தெட்டு நிமிடம் ஆனது. மூன்று பஸ்ஸும் போன பிறகு கடைசியில் ஒரு ஜோடி மிஞ்சியது. தேய்ந்த நீல ரப்பர் செருப்பு. மச்சானின் புதுத் தோல் செருப்பு யார் காலிலோ ராணிப்பேட்டைக்குப் போய்க்கொண்டிருந்தது.

மச்சான் அத்தனை நேரமும் ஒரு பேசினில் காலை வைத்து உட்கார்ந்திருந்தார். “இதான் வேலையா மேனேஜரே?” என்றார் மெதுவாக. “தெனமும் இப்படியா?”

“பௌர்ணமிக்கு மட்டும்தான் சார். தெனமும்னா இதைவிடக் கொஞ்சம் ஜாஸ்தி.”

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

நித்யா என்னை உள்ளே கூப்பிட்டு மோர் கொடுத்தார். “சார், இருபத்திரண்டு வருஷம் யார் வேலை பார்த்தாங்கன்னு எனக்குப் புரிஞ்சிடுச்சு. ஆனா பேங்க்ல ஒரு கண்டிஷன். பத்து வருஷ அனுபவம் இருக்கற மேனேஜரைக் காட்டணும், பேப்பரோட. இல்லேன்னா அடுத்த தவணையை விட மாட்டாங்க.” கொஞ்சம் தயங்கினார். “ஒண்ணு செய்யலாமா? பேப்பர்ல அவர் இருக்கட்டும். வேலையை நீங்க பாருங்க. சம்பளம் உங்களுக்கு முழுசா தரேன்.”

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவருக்கு நெருக்கடி. எனக்கும் நெருக்கடிதான். வீட்டில் அரிசி வாங்குவதே மருமகள் கையால்தான் என்று ஆகியிருந்தது. சரி என்று சொல்லியிருந்தால் அந்த நிமிடமே வேலை. ஆனால் நான் கணக்குப் போட்டேன். இனி மூன்று வருடம் வேலை செய்தால், ஆதாரம் இல்லாத அனுபவம் மொத்தம் இருபத்தைந்து வருடம் ஆகும். அவ்வளவுதான்.

“வேணாங்கம்மா. சம்பளம் கம்மியா குடுங்க, ஒத்துக்கறேன். லெட்டர்ல என் பேரு இருக்கணும்.”

“அப்போ அஞ்சு மணிக்குள்ள ஒரு பேப்பர் கொண்டு வாங்க. நீங்க எழுதினதா இருக்கக் கூடாது. வேற யாராவது பொறுப்பா கையெழுத்துப் போட்டிருக்கணும்.”

பொறுப்பாகக் கையெழுத்துப் போடக்கூடியவர்கள் இருவர். ஒருவர் காலமாகிவிட்டார். மற்றவர் பேசினில் கால் வைத்து உட்கார்ந்திருந்தார்.

கேட்டதும் ஒத்துக்கொண்டார். அந்த வேலை தனக்குக் கிடைத்துவிடுமோ என்ற பயம் அவருக்கு. ஆனால் மூன்று நிபந்தனை போட்டார். அவர் வீட்டுக்குத் தெரியக் கூடாது. சாப்பாடு வேண்டும். வெறுங்காலோடு எங்கும் வர மாட்டார். “மேனேஜரா இருந்தவன் நானு. நீல ரப்பர் செருப்புப் போட்டுக்கினு நோட்டரி முன்னாடி நிப்பனா?” ஆட்டோ பிடித்துச் செருப்புக் கடைக்குப் போனோம். ஏழு ஜோடி போட்டுப் பார்த்தார். பிறகு சாப்பாடு. அவர் மூன்று முறை சாம்பார் வாங்கினார். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததால் சாப்பிடவில்லை.

கலெக்டர் ஆபீசுக்கு எதிரில் தகரக் கொட்டகையில் மனு டைப் அடிக்கும் பெண்மணி ஒருவர் இருந்தார். பெயர் கேட்க மறந்துவிட்டேன். விஷயத்தைச் சொல்லி, நான் திறமையாக, நேர்மையாக, அயராது உழைத்தேன் என்று மச்சான் சான்றளிப்பதுபோல் அடிக்கச் சொன்னேன். அவர் விரலைக் கீபோர்டிலிருந்து எடுத்துவிட்டார்.

“ஐயா, இந்த மாதிரி சர்டிபிகேட்டு நானே ஒரு நாளைக்கு பத்து அடிக்கறேன். எனக்கே நம்பிக்கை இல்ல. நீங்க செஞ்சீங்கன்னு எழுதினா எவனும் நம்ப மாட்டான். செய்யலன்னு இவரு எழுதிக் குடுத்தா எல்லாரும் நம்புவாங்க.”

என் நாற்பது வருட வேலைக் காலத்தில் எனக்குக் கிடைத்த மிக நல்ல யோசனை அது. இருபது ரூபாய் முத்திரைத்தாளில் அடிக்க ஆரம்பித்தார். மேற்படி விடுதியில் பதிவேட்டின்படி நான் மேலாளராக இருந்தேன். அந்த இருபத்திரண்டு வருடமும் நான் எந்த வேலையும் செய்யவில்லை. எல்லா வேலையையும் செய்தவர் இன்னார்.

மச்சான் எட்டிப் பார்த்தார். “எந்த வேலையும்னு போடாதம்மா. அது பொய். ஆயுத பூஜைக்குப் பூசணிக்கா ஒடச்சது நான்தான். இவர வேணா கேளு.”

உண்மைதான். வருடத்தில் அந்த ஒரு நாள்தான் அவர் கூப்பிடாமலே விடுதிக்குள் வருவார், வாசலில் பூசணிக்காய் உடைப்பார், பொரி வாங்கிக்கொண்டு போவார்.

“எத்தினி?” என்றார் பெண்மணி.

“இருவத்திரெண்டு” என்றார் மச்சான்.

“இருபத்தொண்ணு” என்றேன் நான். “ஒரு வருஷம் உங்களுக்கு டைஃபாய்டு. நான்தான் உடைச்சேன்.”

“அது டைஃபாய்டு இல்ல மேனேஜரே, சாதாரண ஜொரம். வந்து ஒடச்சிட்டுப் போனேன்.”

“வரல சார். டைரில இருக்கு.”

அப்போது மணி நான்கு பத்து. ஐந்து மணிக்குள் திரும்ப வேண்டும். ஒரு பூசணிக்காயை விட்டுக்கொடுத்திருக்கலாம். ஆனால் சத்தியம் செய்து எழுதும் தாளில் தப்பான எண்ணிக்கையா? அந்த ஆண்டின் டைரியைப் பையிலிருந்து தேடி எடுத்து, அக்டோபர் மாதத்தைப் புரட்டி, ‘மச்சான் சார் சுரம், வரவில்லை, காய் நான்’ என்ற வரியைக் காட்ட பதினோரு நிமிடம் ஆனது. அதற்குள் பெண்மணி இருபத்திரண்டு என்று அடித்து முடித்துவிட்டார். மறுபடி வேறு தாளில் அடிக்கவைத்தேன். முத்திரைத்தாள் அவர் கொட்டகையிலேயே இன்னொன்று இருந்தது என் அதிர்ஷ்டம். ‘ஆயுத பூஜையன்று இருபத்தொரு பூசணிக்காய்கள் உடைத்தது நீங்கலாக’ என்று வந்தது.

பக்கத்துக் கொட்டகை நோட்டரி வக்கீல் அதை இரண்டு தரம் படித்தார். கண்ணாடிக்கு மேலாக மச்சானைப் பார்த்தார்.

“இதுல இருக்கறதெல்லாம் உண்மைதானா?”

“சாமி சத்தியமா நானு ஒண்ணும் செய்யலைங்க.”

“எத்தனையோ பேரு இந்த நாற்காலில உக்காந்து சத்தியம் பண்ணிட்டாங்க. இப்படி ஒருத்தர் மூஞ்சில உண்மைய இன்னிக்குதான் பாக்கறேன்” என்று முத்திரை குத்தினார்.

நான்கு ஐம்பத்திரண்டுக்கு ஓட்டலில் இருந்தோம். வங்கி அதிகாரி சொன்ன நேரத்துக்கு முன்னதாகவே வந்து உட்கார்ந்திருந்தார். சிரிக்கத் தெரியாத மனிதர் மாதிரி இருந்தார். முத்திரைத்தாளை வாங்கிப் படித்தார். பூசணிக்காய் வந்த இடத்தில் நின்றார். மேலே படித்தார். திரும்பவும் அந்த வரிக்கு வந்தார்.

“இருபத்திரண்டு வருஷத்துல இருபத்தொண்ணா? ஒண்ணு என்னாச்சு?”

“ஜொரங்க” என்றார் மச்சான். “இவரு எண்ணிட்டாரு.”

அதிகாரி என் பக்கம் திரும்பினார். டைரியின் பக்கத்தைக் காட்டினேன். காலையில் நித்யா ஆதாரம் இல்லை என்று தள்ளிய அதே டைரி. அவர் அதையும் வாங்கி, நாற்பது பக்கமாவது பார்த்தார். பிறகு நித்யாவிடம் சொன்னார்: “என்கிட்ட வர்ற அனுபவச் சான்றிதழ் எல்லாத்துலயும் எல்லாரும் தங்கம்னு இருக்கும். நான் ஒண்ணையும் நம்பறதில்ல. இதை நம்பறேன்மா. பூசணிக்காயை எண்ணி வெச்சவரு உங்க பணத்தையும் எண்ணி வெப்பாரு. இதைக் கோப்புல சேத்துடுங்க.”

ஐந்து இருபதுக்கு நியமனக் கடிதம் கையில் வந்தது. என் பெயர், என் அப்பா பெயர், பதவி, தேதி. தேதி சரியா என்று மூன்று முறை பார்த்தேன். இன்றைக்கு உங்கள் ரிசப்ஷன் அலமாரியில் ஒவ்வொருவருக்கும் ஒரு பச்சைக் கோப்பு இருக்கிறதே, வேலைக்குச் சேர்ந்த அன்றே அறை சுத்தம் செய்யும் பெண்ணுக்கும் கடிதம் கொடுக்கிறோமே, அது அன்றைக்கு ஐந்து இருபத்தைந்துக்கு நான் நித்யாவிடம் கேட்ட முதல் விஷயம். அப்போது ஓட்டலில் முப்பத்தாறு பேர். முப்பத்தாறு கடிதமும் அந்த மாதத்துக்குள் அடித்துக் கொடுத்தேன். நீங்கள் எங்கே வேலைக்குப் போனாலும் முதல் நாளே கேட்டு வாங்குங்கள். உன்னை எனக்குத் தெரியாதா என்று சொல்லும் முதலாளியிடம் இரண்டு தரம் கேளுங்கள்.

சேர்ந்த நான்காம் நாள் பகல் பன்னிரண்டு மணிக்கு ரிசப்ஷனுக்கு ஓர் அம்மாள் வந்தார். கையில் அந்த முத்திரைத்தாளின் ஜெராக்ஸ். மச்சானின் மனைவி. இது ஏது வேறு செருப்பு என்று அவர் கேட்கப் போய், மச்சான் எல்லாவற்றையும் உளறிவிட்டார்; நான்கு நாள்கூடத் தாங்கவில்லை.

“நீங்கதான் மேனேஜருங்களா?”

“ஆமாங்கம்மா.”

“இவரு லாட்ஜுக்கே போகலன்னு எழுதிக் குடுத்துட்டு வந்துகீறாரு. சரி. சீட்டாடினாரு, அதையும் சொல்லிட்டாரு. எனக்கு ஒண்ணுதான் தெரியணும். இருவத்திரெண்டு வருஷம் காலைல அஞ்சு மணிக்கு எழுந்து டிபன் பாக்ஸ்ல சோறு கட்டிக் குடுத்தேன். சாயந்திரம் காலியா வரும். அதை யாருங்க சாப்ட்டது?”

மச்சான் காலையில் அடி அண்ணாமலைக்குப் போகும் வழியில் உள்ளே வராமல் வாசலிலேயே நின்று டப்பாவை என்னிடம் நீட்டுவார். சீட்டாடும் இடத்தில் பிரியாணி வரும், இது வேண்டாம், நீ சாப்பிடு மேனேஜரே என்பார். மாலை காலி டப்பாவை வாங்கிக்கொண்டு போவார். நானும் சாப்பிட்டேன். யாருடைய சோறு என்று ஒரு நாள்கூட யோசிக்கவில்லை.

“நான்தாங்கம்மா.”

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். “எப்படிங்க இருந்தது?”

“செவ்வாக்கிழமை கத்திரிக்கா காரக்குழம்பு. வெள்ளிக்கிழமை எலுமிச்சம் சாதம், வேர்க்கடலைத் துவையல். மழை நாள்ல மொளகு ஜாஸ்தியா இருக்கும். ஒரு நாளும் மீதி வெச்சதில்லைங்க.”

“இருவத்திரெண்டு வருஷத்துல அந்த மனுசன் நல்லாகீதுன்னு ஒரு வார்த்தை சொன்னதில்ல. சாப்ட்டாதானே சொல்றதுக்கு.” பிறகு புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தார். “அரைச்சி அரைச்சி என் கிரைண்டரு கல்லு தேஞ்சி போச்சி. புதுசு வேணும். அவருகிட்ட காசு இல்ல. சாப்ட்டவரு வாங்கிக் குடுங்க.”

மறுக்க என்னிடம் நியாயம் ஒன்றும் இல்லை. அன்று மாலையே அவரோடு கடைக்குப் போய், அவர் கைகாட்டிய இரண்டு லிட்டர் கிரைண்டரை வாங்கிக் கொடுத்தேன்.

கேட்பவர்களுக்காக, என் பெயர் போட்ட அந்தக் கடிதத்துக்கு ஆன கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஆட்டோ நூறு. மச்சான் செருப்பு முந்நூற்று எண்பது. மச்சான் சாப்பாடு நூற்றிருபது. முத்திரைத்தாள் இரண்டு, நாற்பது. டைப் அடித்ததற்கும், ஒரு பூசணிக்காயைக் குறைத்து மறுபடி அடித்ததற்கும் தொண்ணூறு. நோட்டரி இருநூற்றைம்பது. ஜெராக்ஸ் மூன்று, ஆறு ரூபாய். கிரைண்டர் ஐயாயிரத்து எண்ணூற்றைம்பது. ஆக மொத்தம் ஆறாயிரத்து எண்ணூற்று முப்பத்தாறு ரூபாய்.